கைகளுக்கும் ஓய்வு நாள் வேண்டும்

பால்மரத்தை நாள்தோறும் வெட்டினால் என்ன நேரும் என்பதைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சில காலம் பால் மிகுதியாகக் கிடைக்கும். பின்னர் வெட்டுப்பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஆகவேதான் ஒருநாள் வெட்டி மறுநாள் ஓய்வளிக்கும் முறை நம் நாட்டுத் தோட்டங்களில் நெடுங்காலம் கையாளப்பட்டு வந்தது. ஓய்வு நாளில் மரம் வாளாவிருப்பதில்லை. இழந்த பாலை மீண்டும் சுரந்துகொள்கிறது. நம் கைத்தசைகளின் இயல்பும் இதுவேயாகும்.

ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக விளங்கிய சுங்கை வே, 1970-களில் தொழிற்சாலைகள் நிறைந்த சுதந்திர வாணிப வட்டாரமாக மாறிற்று. அத்தகைய நகர்ப்புறங்களிலும் சரி, தோட்டங்களிலும் சரி, மாலை வேளைகளில் எடைதூக்கிப் பயிலும் இளைஞர்கள் உளர். விரைவில் புயம் பருக்க வேண்டும் என்னும் ஆவலால் சிலர் வாரம் முழுவதும் கைகளுக்கே பயிற்சி அளிக்கின்றனர். இதனால் பயன் குறைவதோடு முழங்கையும் நோகத் தொடங்குகிறது. பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கையே மூலதனம். முழங்கை கெட்டால் இழப்பது அழகை மட்டுமன்று, அன்றாடக் கூலியையும்தான்.

எடை தூக்கும் வேளையில் தசை வளர்வதில்லை. அப்போது அது களைப்புறுகிறது. பின்னர் உணவும் உறக்கமும் ஓய்வும் கிடைக்கும்போதுதான் முன்னிலும் வலுவாகத் தேறுகிறது. எனவே, ஒரே தசைக்கு அளிக்கும் இரு பயிற்சிகளுக்கிடையே 48 மணி நேரமாவது இடைவெளி விடுதல் நலம். பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள்கள் உடலின் முக்கியத் தசைகள் அனைத்திற்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் பரிந்துரைத்துள்ளது.

மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசை முழங்கையை மடக்க உதவுகிறது. பின்புறமுள்ள முத்தலைத் தசை அதனை நீட்டுகிறது. இவ்விரண்டில் பெரியது முத்தலைத் தசையே. நெஞ்சுக்காக எடையைத் தள்ளும்போது முத்தலைத் தசையும், முதுகுக்காக எடையை இழுக்கும்போது இருதலைத் தசையும் உடன் உழைக்கின்றன. ஆதலால் பெரிய தசைகளுக்கு முதலிலும் கைகளுக்கு இறுதியிலும் பயிற்சி அளிப்பதே முறை. கைகள் முதலிலேயே சோர்ந்துவிட்டால் நெஞ்சுக்கும் முதுகுக்கும் போதிய பயிற்சி கிட்டாது.

புதிதாகத் தொடங்குவோர் பின்வரும் வார ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம்:

திங்கள்: நெஞ்சு, தோள், இறுதியில் முத்தலைத் தசை.
புதன்: முதுகு, இறுதியில் இருதலைத் தசை.
வெள்ளி: கால்கள், இறுதியில் கைத்தசைகள் இரண்டும், இலேசாக.
மற்ற நாள்கள்: ஓய்வு.

இவ்வாறு செய்தால் ஒவ்வொரு கைத்தசையும் வாரத்தில் இருமுறை உழைக்கும். இடையே போதிய ஓய்வும் பெறும். தொடங்குமுன் 5 முதல் 10 நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொள்க. ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 12 தடவை வீதம், 2 அல்லது 3 சுற்றுகள் செய்தால் போதும். சுற்றுகளுக்கிடையே ஓரிரு நிமிடம் இளைப்பாறுக. உடலை ஆட்டாமல் 12 தடவையையும் எளிதாகக் கடந்து, மேலும் ஓரிரு தடவை தூக்க முடிந்த பின்னரே எடையைக் கூட்ட வேண்டும். அதுவும் 10 கிலோவுக்கு ஒரு கிலோவுக்கு மேற்படலாகாது. இரும்பு எடைகள் இல்லாதோர் நீர் நிறைத்த கலன்களைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது.

விடியற்காலையில் கத்தி பிடித்து, பின்னர்ப் பால் வாளி சுமக்கும் தொழிலாளர்களின் முன்கைகள் வேலையிலேயே நன்கு உழைத்துவிடுகின்றன. அவற்றுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. சுமை மிகுந்த நாளில் அன்றைய கைப்பயிற்சியை விட்டுவிடுவதால் நட்டமொன்றுமில்லை. பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் தசையில் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. ஆனால் முழங்கையிலோ மணிக்கட்டிலோ குத்தும் வலி, விரல்களில் மரமரப்பு, கத்தியின் பிடி தளர்தல் ஆகியன எச்சரிக்கைகளாகும். அந்நிலையில் பயிற்சியை நிறுத்தி மருந்தகத்தை நாடுக.

மரத்துக்கு ஓய்வளிப்பவன் சோம்பேறி அல்லன். அதன் பயனை நெடுநாள் பெறும் அறிவாளி. தன் கைகளிடத்தும் தொழிலாளி அந்த அறிவையே காட்டுதல் வேண்டும்.