மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம்: மகசூல் குறைவு, மதிப்பு அதிகம்

சரிவான நிலம், ஆழமில்லாத மண், குறைந்த மகசூல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சாகுபடி கட்டுப்படியாகாது என்பது பொதுவான கருத்து. சமவெளி விவசாயியோடு எடையில் போட்டியிட்டால் இது உண்மைதான். ஆனால் எடையை விட்டுத் தரத்தைப் பிடித்துக்கொண்டு நிலைத்த மலைத்தோட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா குரூஸ் மலைத்தொடரின் மாண்டி பெல்லோ முகட்டில் உள்ள 'ரிட்ஜ்' தோட்டமே அது. அங்கு 'ஒயின்' எனப்படும் திராட்சை மது தயாராகிறது.

கைவிடப்பட்ட தோட்டம்

1885-ம் ஆண்டு ஓசியா பெரோனே என்ற மருத்துவர் மலையுச்சி அருகே 180 ஏக்கர் நிலம் வாங்கினார். சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் திராட்சை நட்டார். அங்கேயே கிடைத்த சுண்ணாம்புக்கல்லால் மதுக்கூடம் கட்டினார். 1892-ல் முதல் ஒயின் தயாராயிற்று. பின்னர் 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அந்தக் காலத்தில் ஒயின் தோட்டங்கள் பல அழிந்தன. 1940-களின் இறுதியில்தான் இம்முகட்டில் 'கேபர்னே சாவின்யான்' என்ற கருந்திராட்சை இரகம் மீண்டும் நடப்பட்டது.

1959-ல் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய நண்பர்கள் சேர்ந்து அத்தோட்டத்தை வாங்கினர். அவ்வாண்டு அவர்கள் தயாரித்தது கால் பீப்பாய் ஒயின் மட்டுமே. அதன் தரத்தைக் கண்டபின், 1962-ல் முறைப்படி மதுக்கூடத்தைத் திறந்தனர்.

மலை தரும் குணம்

தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,300 அடி முதல் 2,700 அடி உயரம் வரை பரந்துள்ளது. மேலே களி கலந்த மண், கீழே பிளவுபட்ட சுண்ணாம்புப் பாறை. இத்தகைய நிலத்தில் கொடி மிதமாகவே வளரும். பழம் சிறுத்திருக்கும். பழம் சிறுத்தால் சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் உள்ளன.

பசிபிக் கடலின் குளிர்ந்த காற்றும் இங்கு உதவுகிறது. வெப்பம் மிகுந்தால் பழத்தின் புளிப்பு விரைவில் குறைந்துவிடும். குளிர்ச்சியில் பழம் மெதுவாக முதிர்வதால் இனிப்பு ஏறும்போதும் புளிப்பு தங்கி நிற்கிறது. நெடுநாள் கெடாமல் முதிரும் ஒயினுக்கு இந்தப் புளிப்பும் துவர்ப்பும் அவசியம்.

தயாரிப்பு முறை

ஒயின் காய்ச்சி வடிக்கப்படுவதல்ல, புளிக்க வைக்கப்படுவது. கையால் பறித்த குலைகளிலிருந்து காம்பை நீக்கித் தொட்டியில் இடுகின்றனர். பழத்தோடு இயல்பாக வரும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சாற்றில் 24 சதம் சர்க்கரை இருந்தால் ஏறக்குறைய 13 முதல் 14 சதம் ஆல்கஹால் உண்டாகும்.

புளிக்கும்போது தோல்கள் மேலே மிதந்து அடையாகத் திரளும். அடியிலுள்ள சாற்றை எடுத்து அந்த அடைமேல் ஊற்றினால் நிறமும் துவர்ப்பும் இறங்கும். எத்தனை நாள் இதைச் செய்வது என்பதை நாவால் சுவைத்தே முடிவு செய்கின்றனர். பிறகு பிழிந்து, ஓக் மரப் பீப்பாய்களில் சுமார் ஒன்றரை ஆண்டு முதிர வைக்கின்றனர்.

இங்கு கவனிக்க வேண்டியது, பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கையாளும் முறை. ஒவ்வொரு பகுதிப் பழமும் தனியே பறிக்கப்பட்டுத் தனியே புளிக்க வைக்கப்படுகிறது. பின்னர் எது எந்தப் பகுதியுடையது என்று தெரியாதபடி வைத்துச் சுவைத்துப் பார்க்கின்றனர். தேறியவை மட்டுமே 'மாண்டி பெல்லோ' என்ற பெயரில் வெளிவரும். மற்றவை வேறு பெயரில் குறைந்த விலைக்கு விற்கப்படும். 1969 முதல் 2016 வரை தயாரிப்பைக் கவனித்த பால் டிரேப்பர் இம்முறையை நிலைநிறுத்தினார். 2011-ம் ஆண்டு அறுவடை முதல், ஒயினில் சேர்ந்த பொருள்கள் அனைத்தையும் புட்டியின் மீதே அச்சிடுகின்றனர்.

முப்பது ஆண்டுச் சோதனை

1976-ல் பாரிஸ் நகரில், பெயரை மறைத்து பிரெஞ்சு ஒயின்களையும் கலிபோர்னிய ஒயின்களையும் சுவைக்கும் போட்டி நடந்தது. அதில் இத்தோட்டத்தின் 1971-ம் ஆண்டுச் சிவப்பு ஒயின் ஐந்தாம் இடம் பெற்றது. 2006-ல் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோது அதுவே முதலிடம் பெற்றது. முதலில் பின்தங்கியது, முதிர்ந்தபின் முந்தியது.

விவசாயிகளுக்கு ஒரு சொல்

இதைப் படித்துவிட்டு வீட்டில் ஒயின் தயாரிக்க முற்பட வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். மேலும், பிற வருமானம் உள்ளவர்களே பல ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது என்பதையும் மறக்கலாகாது. 1986-ல் இத்தோட்டமும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கைக்குச் சென்றது.

ஆனால் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. நம் தோட்டத்திலும் எல்லாப் பகுதியும் ஒரே தரத்தில் விளைவதில்லை. நல்லதையும் சுமாரானதையும் ஒரே குவியலாகக் கொட்டினால், வியாபாரி சுமாரானதற்குரிய விலையையே முழுக் குவியலுக்கும் போடுவார். அடுத்த அறுவடையில் மேட்டுப் பகுதி விளைச்சலையும் பள்ளத்து விளைச்சலையும் தனித்தனியே பறித்து, தரம் பார்த்து, நோட்டில் குறித்து வையுங்கள். எந்தப் பாத்தி எப்படி விளைகிறது என்று தெரிந்தால்தான் அதற்குத் தனி விலை கேட்க முடியும்.