ஏற்றத்தில் தேயும் கிளட்ச்

குமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரிடமும் தோவாளையில் இருக்கும் அவர் மச்சானிடமும் ஒரே மாதிரி ஸ்கூட்டர். ஒன்றாக வாங்கியவை, ஓடிய கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். மச்சான் வண்டியில் கம்பெனி கிளட்ச் இன்னும் ஓடுகிறது. இவர் இரண்டாம் தடவை மாற்றிவிட்டார். "மட்டமான சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?"

சாமானைச் சந்தேகிப்பதற்கு முன் சாலையைப் பார்க்க வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலும் குளமுமாகத் தரை பரந்து கிடக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறாமல் இறங்காமல் ஒரு கிலோமீட்டர் போக முடியாது. கிளட்ச் தேய்வதற்குக் கிலோமீட்டர் கணக்கே பொருந்தாது. எத்தனை முறை, எவ்வளவு பாரத்தோடு, எந்த ஏற்றத்தில் வண்டி நின்று கிளம்பியது என்பதுதான் கணக்கு.

புல்லட்டிலும் ஸ்பிளெண்டரிலும் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டு இருக்கும். சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். கியரில்லா ஸ்கூட்டரில் இடப்பக்க பெல்ட் மூடிக்குள் இருப்பது உலர் கிளட்ச். எஞ்சின் வேகம் கூடும்போது லைனிங் ஒட்டிய ஷூக்கள் வெளிப்பக்கம் விரிந்து, பெல் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இரும்புக் கிண்ணத்தை உள்ளிருந்து கவ்வும். வரலாறு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம்: ஹாலந்தின் டாஃப் கார் 1958-இல் இந்த பெல்ட் முறையைப் பிரபலமாக்கியது, இந்தியாவில் 1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தது, 2001-இல் வந்த ஆக்டிவாவுக்குப் பிறகு ஊரெல்லாம் இதுவே. டுகாட்டி பந்தய வண்டிகளில் கலகலவென்று ஒலிக்கும் உலர் தட்டுகளுக்கும் இதே இயற்பியல்தான்.

அந்த இயற்பியலில் ஓர் அழகான சமன்பாடு இருக்கிறது. எஞ்சின் சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, நிற்கும் வண்டியைக் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இழுத்து அந்த வேகத்துக்குக் கொண்டுவருகிறது. சமதளத்தில், வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெற்றதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் சூடாகிறது. மெதுவாகப் பிடித்தாலும் சட்டென்று பிடித்தாலும் மொத்தச் சூடு மாறாது. வண்டியும் இரண்டு பேருமாக 240 கிலோ, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு கிளம்பலுக்கு ஏறத்தாழ 2,000 ஜூல். ஷூவும் பெல்லும் சேர்ந்து ஒரு கிலோ இரும்பு என்றால் நாலைந்து டிகிரி சூடு. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஆறிவிடும்.

ஏற்றத்தில் கதை வேறு. கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பியில் நிறைந்த வாளி விறுவிறுவென்று கீழே இறங்குகிறது. கயிறு உங்கள் உள்ளங்கை வழியாக ஓடுகிறது. வாளியின் எடையைவிட இரண்டு மடங்கு இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். கை லேசாகச் சுடும். எடையைவிடக் கொஞ்சமே கூடுதலாகப் பிடித்தால் வாளி நிற்க நெடுந்தூரம் எடுக்கும், தோல் உரியும். சரியாக எடை அளவுக்கே பிடித்தால், தண்ணீரைத் தொடும் வரை வாளி அதே வேகத்தில் இறங்கும், கை எரிந்துகொண்டே இருக்கும். கிளட்சிலும் அப்படியே. அதன் பிடியில் பாதியை ஏற்றம் விழுங்கினால் சூடு இரண்டு மடங்கு. முக்காலை விழுங்கினால் நான்கு மடங்கு. பத்தில் ஒன்பது பங்கை விழுங்கினால் பத்து மடங்கு. நாலைந்து டிகிரி என்று பார்த்தது நாற்பதைத் தாண்டும், ஒரே கிளம்பலில்.

தொடர்ந்து கயிறு இழுத்த கையில் காய்ப்பு விழும். வழவழப்பாகிவிட்ட அந்தத் தோலில் கயிறு இன்னும் சுலபமாக வழுக்கும். லைனிங்கிலும் இதே காய்ப்பு உண்டு. அதைக் கட்டியிருக்கும் பிசின் சூட்டில் வெந்து மேற்பரப்பு கண்ணாடி போலாகிறது. பிடி குறைகிறது, பிடி குறைந்ததால் சூடு கூடுகிறது, சூடு கூடியதால் இன்னும் வழுக்குகிறது. ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக முறுக்கி வண்டியை அசையாமல் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. எடை அளவுக்கே பிடித்த கயிறு அது. வண்டி ஓர் அங்குலம் நகராது, லைனிங் வெந்துகொண்டே இருக்கும்.

ஆகவே அளப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். பளபளப்பும், பெல்லுக்குள் நீலத் திட்டுகளும் இருந்தால், தடிமன் போதுமான அளவு இருந்தாலும் அது வெந்த கிளட்ச். தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. இன்றைய தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

பிறகு வெர்னியர். ஷூவின் இரும்பை விட்டு லைனிங்கை மட்டும் அளக்க வேண்டும். ஷூவின் முளைப் பக்கமும் நுனிப் பக்கமும் ஒரே அளவில் தேயாது. எல்லா ஷூக்களிலும் இரு முனையும் நடுவும் அளந்து, மிக மெல்லிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஹோண்டா ஸ்கூட்டர் கையேடுகளில் வரம்பு 2 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே உங்களுக்கு வரம்பு. பெல்லை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஷூ தொடாத விளிம்பு தேயாமல் உதடு போல் நிற்கும். வெர்னியரின் நாக்கு அதில் உட்கார்ந்தால் பெல் புதிது என்று பொய் சொல்லும். உதட்டைத் தாண்டி, தேய்ந்த தடத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் அளந்தால் பெல் நீள்வட்டமாகிவிட்டதா என்பதும் தெரியும்.

இரண்டு தேய்வையும் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. லைனிங் 1.5 மி.மீ. தேய்ந்து, பெல்லின் விட்டம் 0.4 மி.மீ. கூடியிருந்தால், ஷூ 1.7 மி.மீ. அதிகமாக விரிய வேண்டும். அதற்கு ஸ்பிரிங் கூடுதலாக இழுபட வேண்டும். அதற்கு எஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். "சத்தம் வருது, வண்டி நகர மாட்டேங்குது" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். மழைக்காலக் காலையில் மட்டும் வரும் உதறலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள மாவட்டம் இது. இரவில் பெல்லில் படிந்த துரு நாலைந்து கிளம்பலில் துடைபட்டுப் போகும்.

"ரேசிங் கிளட்ச்" என்று விலை கூட்டி விற்கும் கடினமான ஸ்பிரிங்கை நம்பவேண்டாம். அது கிளட்ச் பிடிக்கும் வேகத்தைத் தள்ளிப்போடுகிறது. சூடு அந்த வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20 சதவீதம் வேகம் கூடினால் சமதளத்திலேயே கிளம்பலுக்கு 44 சதவீதம் கூடுதல் சூடு. கெவ்லார் லைனிங் என்ற பெயரும் இந்தக் கணக்கை மாற்றாது. குலசேகரத்து வாசகருக்கு வேண்டியது கையேட்டு வரம்பு வருவதற்கு முன்பே இரண்டு அளவுகள்: இன்றைய தடிமன், அடுத்த சர்வீஸில் தடிமன், இரண்டுக்கும் பக்கத்தில் கிலோமீட்டர். மச்சானையும் அதேபோல் அளந்து வைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மி.மீ. தேய்கிறது என்று இரண்டு வண்டிக்கும் கணக்குப் போட்டால், வித்தியாசம் எவ்வளவு என்பது தெரியும். சாமானில் குறையா, மேட்டின் வேலையா என்பதை அது மட்டும் தீர்க்காது; எந்த ஏற்றத்தில், எத்தனை முறை நின்று கிளம்பியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.