நடுவொலியும் பக்கவொலியும்

சென்ற தைத் திங்களில், அல்சூரில் வாழும் நம் அன்பர் ஒருவர் ஓர் ஒலிப்பதிவைக் கொணர்ந்து நம்மிடம் தந்தார். அவர்தம் தந்தையாரின் எண்பதாம் ஆண்டு நிறைவு விழாவில், சிறு கூடம் ஒன்றில் நிகழ்ந்த இசைக் கச்சேரியின் பதிவு அது. தந்தையார் இன்று இல்லை. உடன்பிறந்தோர் ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு அப்பதிவை அனுப்புதல் வேண்டும் என்பது அன்பரின் விருப்பம்.

ஆனால் ஹெட்போன் அணிந்து கேட்டபோது அவர் மனம் சோர்ந்தது. இடச் செவியில் கச்சேரி முழுதும் தெளிவாக ஒலித்தது. வலச் செவியிலோ பாடுவோர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போல் மெலிந்து, கூடத்தின் எதிரொலியே மிகுந்திருந்தது. “வலப்பக்கம் கெட்டுவிட்டது; அதை வெட்டியெறிந்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் அனுப்பிவிடலாமா, ஐயா?” என்று அவர் வினவினார்.

வேண்டா என்று தடுத்தோம். அப்பதிவில் கெட்டது எதுவும் இல்லை. அது இன்னும் பிரித்தறியப்படாத பதிவு, அவ்வளவே. இத்தகைய பதிவுகள் பல இல்லங்களில் ‘பழுது’ என்று ஒதுக்கப்பட்டுக் கிடத்தல் கூடும். ஆதலின் இதனை யாவருக்கும் விளங்க எழுதுதல் நம் கடன் எனக் கொண்டோம்.

இரண்டு மைக்குகளின் கூட்டு

வழக்கமான ஸ்டீரியோப் பதிவில் ஒரு மைக் இடப்பக்கத்தையும் மற்றொன்று வலப்பக்கத்தையும் கேட்கும். ஆங்கிலத்தில் மிட்-சைடு எனப்படும் முறையோ வேறானது. இதில் இரு மைக்குகள் ஒன்றையொன்று ஒட்டி ஓரிடத்திலேயே நிற்கும். ஒன்று மேடையை நேரே நோக்கும். எதிரே எழும் ஒலியை நன்கு வாங்கும். இது நடுவொலி. மற்றொன்று இடமும் வலமுமாகப் பக்கவாட்டில் மட்டும் கேட்கும். நேர் எதிரில் எழும் ஒலிக்கு அது ஏறக்குறையச் செவிடு. அது கேட்கும் பரப்பை வரைந்து பார்த்தால் 8 என்னும் எண்ணைப் படுக்கவைத்தாற்போல் இருக்கும். இது பக்கவொலி.

இடமிருந்து வரும் ஒலியைப் பக்க மைக் கூட்டற்குறியுடன் பதிகிறது எனில், வலமிருந்து வரும் ஒலியைக் கழித்தற்குறியுடன் பதியும். ஓர் ஊஞ்சற்பலகையை இப்புறமிருந்து தள்ளுவதும் அப்புறமிருந்து தள்ளுவதும் போன்றது இது. இக்குறி வேறுபாட்டில்தான் இடம் வலம் என்னும் செய்தி முழுதும் அடங்கியுள்ளது.

பள்ளிப் பிள்ளைகளும் போடும் கணக்கு

நடுவொலியோடு பக்கவொலியைக் கூட்டினால் இடச் செவிக்குரிய ஒலி கிடைக்கும். நடுவொலியிலிருந்து பக்கவொலியைக் கழித்தால் வலச் செவிக்குரிய ஒலி கிடைக்கும். முறை இவ்வளவே.

கச்சேரி மேடை ஒன்றைக் கருதுவோம். பாடுவோர் நடுவில் அமர்வர். வலக்கையால் வலந்தலையை வாசிப்போரின் மிருதங்கம், அவையோர் பார்வைக்கு இடப்புறமும், வயலின் வலப்புறமும் அமைதல் மரபு. பாடுவோர் குரல் நடுவொலியில் 10, பக்கவொலியில் 0 என்க. கூட்டினாலும் கழித்தாலும் 10. ஆகவே குரல் இரு செவியிலும் ஒத்து ஒலித்து நடுவில் நிற்கும். மிருதங்கம் நடுவொலியில் 6, பக்கவொலியில் கூட்டல் 4 என்க. இடச் செவியில் 10, வலச் செவியில் 2. ஆகவே இடப்புறம் தோன்றும். வயலின் நடுவொலியில் 6, பக்கவொலியில் கழித்தல் 4. இடச் செவியில் 2, வலச் செவியில் 10. ஆகவே வலப்புறம் தோன்றும்.

பிரிக்காத பதிவின் இரு பக்கங்களையும் அப்படியே கலந்து ஒற்றை ஒலியாக்கினால் என்னாகும்? கூட்டல் மட்டுமே நிகழும். மிருதங்கம் 10 ஆக நிற்க, வயலின் 2 ஆகத் தேயும். வாசித்தவர்மீது குற்றமில்லை, கலந்த முறையிலேயே குற்றம்.

நாள்தோறும் நாம் கேட்பதே

இக்கணக்கு புதிதன்று. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், இ.எம்.ஐ. நிறுவனத்திற் பணிபுரிந்தபோது, 1931ஆம் ஆண்டு டிசம்பரில் பதிவு செய்த காப்புரிமையிலேயே இதன் அடிப்படை காணப்படுகிறது. 1934இல் இலண்டன் அபே ரோடு அரங்கில் அவர் இருசெவி ஒலிப்பதிவுகளைச் செய்துகாட்டினார். 1942இல், தம் 38ஆம் வயதில், ரேடார் கருவியைச் சோதிக்கச் சென்ற வானூர்தி வீழ்ந்து அவர் மாண்டார். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைவீதிக்கு வந்த காலத்தை அவர் காணவில்லை.

நம் பெங்களூரில் இதே கணக்கு ஒவ்வொரு நாளும் நடைபெறுகிறது. இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையமான ரேடியோ சிட்டி, 2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்நகரிலேதான் தொடங்கிற்று. பண்பலை ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடமும் வலமும் தனித்தனியே அனுப்பப்படுவதில்லை. இரண்டின் கூட்டுத்தொகை ஒன்றாகவும், வேறுபாடு மற்றொன்றாகவும் அனுப்பப்படுகின்றன. வேறுபாடு 38 கிலோஹெர்ட்ஸ் துணையலையின்மீது ஏறிவரும். வானொலிப் பெட்டியே அவற்றைக் கூட்டியும் கழித்தும் இரு செவிக்கும் பங்கிடுகிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஓசூரைக் கடந்து கிருட்டிணகிரியை நோக்கி விரையும்போது, காரின் வானொலியில் இசை இருபுறமும் விரிந்திருந்த நிலை மாறி, நடுவில் ஒடுங்குவதுண்டு. அலை நலிந்தமையால், இரைச்சலைக் குறைக்க எண்ணிப் பெட்டி வேறுபாட்டைத் தணித்துக் கூட்டுத்தொகையை மட்டும் தருவதே இதற்குக் காரணம்.

வீட்டுக் கணினியிற் செய்யும் முறை

இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆடாசிட்டி என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதலில் மூலப்பதிவின் படியொன்றை எடுத்து, மூலத்தைத் தனியே வைத்துவிடுக. படியை மென்பொருளில் திறந்து, தடத்தின் பெயரோடு அமைந்த பட்டியில் ‘ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ’ என்பதைத் தேர்ந்தால், நடுவொலி ஒரு தடமாகவும் பக்கவொலி ஒரு தடமாகவும் பிரியும். பாடுவோர் குரல் தெளிவாக உள்ளதே நடுவொலி. அதனை நடுவிலேயே விடுக.

பக்கவொலித் தடத்தை ‘டூப்ளிகேட்’ செய்து இரண்டாக்குக. ஒன்றின் ‘பேன்’ கோலை முற்றிலும் இடப்புறமும், மற்றொன்றினதை முற்றிலும் வலப்புறமும் தள்ளுக. வலப்புறம் தள்ளியதை மட்டும் தேர்ந்து, ‘எஃபெக்ட்’ பட்டியில் உள்ள ‘இன்வர்ட்’ என்பதைச் செலுத்துக. இதுவே கழித்தல். பின்னர் மூன்று தடங்களையும் சமமாக 6 டெசிபெல் குறைத்துக்கொண்டால், கூட்டுத்தொகை அளவு மீறிச் சிதையாது. இனி ஒலிக்கச் செய்க. கூடம் கண்முன் விரியும்.

பக்கவொலித் தடங்கள் இரண்டையும் ஒரே அளவாக ஏற்றினால் மேடை அகலும்; இறக்கினால் குறுகும். பதிவு முடிந்த பின்னும் அகலத்தை மாற்ற இயல்வது இம்முறையின் தனிச்சிறப்பு. ஆயினும் மிகுதியாக ஏற்றினால் நடுவில் உள்ள குரல் நலியும். மனம் நிறைந்ததும் ‘வேவ்’ வடிவில் சேமித்தல் நன்று.

கருத வேண்டிய மூன்று

முதலாவது, இடம் வலம் மாறாதிருத்தல். மிருதங்கம் வலப்புறம் கேட்டால், ‘இன்வர்ட்’ செய்ய வேண்டிய தடத்தை மாற்றிச் செய்திருக்கலாம், மைக் திரும்பியிருந்திருக்கலாம். ஆனால் அவசரப்பட்டுத் திருத்தற்க. பழநி சுப்பிரமணிய பிள்ளை போன்ற இடக்கை வாசிப்பாளர் அமர்ந்த மேடையாயின் மிருதங்கம் வலப்புறம் இருப்பதே முறை. மேடையின் நிழற்படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவது, பக்கவொலிப் படி ஒன்றை மட்டும் இரைச்சல் நீக்குதல் முதலிய மாற்றங்களுக்கு உட்படுத்தாதிருத்தல். இரண்டும் ஒத்திருந்தால்தான் கணக்கு சரியாகும்.

மூன்றாவது, சோதனை. முடிந்த பதிவை மோனோவாக மாற்றிக் கேட்க. இடமும் வலமும் கூடும்போது பக்கவொலி தன்னைத்தானே நீக்கிக்கொள்ள, நடுவொலி முழுமையாக நிற்கும். குரல் குன்றாது ஒலித்தால் செய்தது செம்மை. ஊரில் உள்ள முதியோர் தம் கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியிற் கேட்டாலும் குறைவிராது.

வலப்பக்கத்தில் இருந்தது

அன்பரின் பதிவையும் இவ்வாறே அவர் எதிரில் பிரித்தோம். குரல் நடுவில் வந்தமைந்தது; மிருதங்கமும் வயலினும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. ஆலாபனை ஒன்று முடியும் தறுவாயில், இடப்புறத்திலிருந்து முதியவர் ஒருவர் மெல்லிய குரலில் “ஆகா” என்றார். பின் சற்று இருமினார். அன்பர் கணினியை நிறுத்தச் சொன்னார். “அப்பா அன்று இடப்பக்கச் சுவரோரம், மைக்குக்கு நேர் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தார்” என்று சொல்லி, நெடுநேரம் பேசாதிருந்தார்.

அக்குரல் நடுவொலியில் இசைக்குள் மூழ்கிக் கிடந்தது. அதனைத் தெளிவாகத் தாங்கியிருந்தது, பழுதென்று வெட்டியெறிய நினைத்த அந்த வலப்பக்கமே.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு, பெரியோர் குரல் பெருஞ்செல்வம். பேத்திக்குப் பாட்டி பாடிய தாலாட்டும், கோயிலில் ஓதிய தேவாரமும், மணவிழா நாகசுரமும் நம் பெட்டிகளில் பதிவுகளாக உறங்குகின்றன. அவற்றுள் ஒருபக்கம் தெளிந்தும் ஒருபக்கம் வெறுமையாயும் ஒலிப்பது ஏதேனும் உண்டாயின், அழிக்குமுன் ஒருமுறை கூட்டியும் கழித்தும் பார்ப்போமாக.