மின்சாரக் காரின் விலையும் விஞ்ஞானமும்

ஹைதராபாத் நகர வீதிகளில் பச்சை நிற எண் பலகை தாங்கிய மோட்டார் வண்டிகள் இன்று யாவர்க்கும் பழக்கமான காட்சி. புகை கக்காமல், ஒலி குறைந்து ஓடும் இவ்வண்டிகளை இயக்குவது மின்சாரமாகும். 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நகரிலிருந்து ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு 40 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. அவற்றை அளித்த ஒலெக்ட்ரா நிறுவனமும் ஹைதராபாதையே தலைமையிடமாகக் கொண்டது. அப்பஸ்களுக்கு மத்திய அரசாங்கத்தின் மானியம் இருந்தது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு கட்டணம் என ஒப்பந்தமும் இருந்தது. ஆனால் ஒரு குடும்பத் தலைவர் தம் சேமிப்பைக் கொடுத்துச் சொந்தமாக ஒரு மின்சாரக் கார் வாங்குவது வேறு விஷயம். அங்கே ஒப்பந்தம் ஏதும் இல்லை. விலை கட்டுப்படியானால் வாங்குவார்; இன்றேல் பெட்ரோல் காரை நாடிச் செல்வார்.

ஆகவே மின்சாரக் கார் செய்வோர் முன் நிற்கும் கேள்வி எளியது, விடையோ கடினமானது. காரை என்ன விலைக்கு விற்பது? விலை மிகுந்தால் வாங்குவார் இலர். தொழிற்சாலை பாதி நேரம் உறங்கும். விலை குறைந்தால் வண்டிகள் விற்கும். ஆனால் அடுத்த வண்டியை உருவாக்குவதற்கான முதல் மிஞ்சாது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழி யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

வாங்குவோர் கணக்கு

நகரத்தில் ஒரு பெட்ரோல் கார் லிட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஓடுகிறது எனக் கொள்வோம். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது கிலோமீட்டருக்குச் சுமார் 7 ரூபாய் செலவாகும். அதே அளவுள்ள மின்சாரக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் 6 அல்லது 7 கிலோமீட்டர் செல்லும். யூனிட் 10 ரூபாய் என வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயே ஆகிறது. மிச்சம் ஐந்தரை ரூபாய்.

இந்த மிச்சம் எல்லார்க்கும் ஒரே பயனைத் தருவதில்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் ஆண்டுக்கு 66,000 ரூபாய் சேமிப்பார். மின்சாரக் காரின் விலை 3 லட்சம் ரூபாய் கூடுதலாக இருந்தால், அதனை ஈடு செய்ய அவருக்கு நாலரை ஆண்டுகள் ஆகும். மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கோ பதினோர் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விமான நிலையத்துக்கும் நகருக்கும் இடையே மாதம் 3,000 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரர் ஒன்றரை ஆண்டிலேயே அத்தொகையை மீட்டுவிடுவார்.

தேவை என்பது நிலையான ஓர் எண் அன்று என்பதை இதிலிருந்து அறியலாம். விலை வித்தியாசம் 3 லட்சமாக இருக்கும்வரை மிகுதியாக ஓட்டுவோரே வாங்குவர். அது ஒன்றரை லட்சமாகக் குறைந்தால் சராசரிக் குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் தன் பணத்தைத் திரும்பப் பெறும். அந்நிலையில் வாங்குவோர் தொகை பெருகும்.

உற்பத்தியாளர் கணக்கு

அப்படியாயின் விலையை உடனே குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். வரி நீங்கலாக ஒரு காரின் விலை 10 லட்சம் ரூபாய். அதனைச் செய்வதற்கான பொருள்களும் கூலியும் 8½ லட்சம். ஒரு காரில் மிஞ்சுவது 1½ லட்சம். ஆண்டுக்கு 10,000 கார்கள் விற்றால் 150 கோடி ரூபாய் கிடைக்கும். தொழிற்சாலைக் கட்டடம், இயந்திரங்கள், ஆராய்ச்சி, விளம்பரம் ஆகிய நிலைச் செலவுகள் அனைத்தும் இத்தொகையிலிருந்தே ஈடு செய்யப்பட வேண்டும்.

இப்போது விலையில் 50,000 ரூபாய், அதாவது நூற்றுக்கு 5 பங்கு மட்டும் குறைப்போம். ஒரு காரில் மிஞ்சுவது ஒரு லட்சமாகிவிடும். பழைய 150 கோடியைப் பெற 15,000 கார்கள் விற்க வேண்டும். விலை நூற்றுக்கு 5 குறைந்தால் விற்பனை நூற்றுக்கு 50 பெருகியாக வேண்டும்! இலாப விகிதம் மெலிந்த தொழிலில் சிறு விலைக் குறைப்பும் பெருஞ்சுமையாவதன் காரணம் இதுவே.

எனினும் இக்கணக்கிற்கு மறுபக்கமும் உண்டு. ஆலை பாதி வேலையோடு நின்றால் நிலைச் செலவு ஒவ்வொரு வண்டியின்மீதும் இருமடங்காக ஏறும். மேலும், ஒரு பொருளை மிகுதியாகச் செய்யச் செய்ய அதனைச் செய்யும் திறனும் வளர்ந்து அடக்க விலை தாழ்கிறது. ரைட் என்ற அமெரிக்கப் பொறியியலறிஞர் 1936ஆம் ஆண்டில் விமான உற்பத்தியில் இந்நியதியைக் கண்டறிந்து வெளியிட்டார். லிதியம் பாட்டரிக்கும் இது பொருந்துகிறது. ஆதலின் விலைக் குறைப்பை முற்றிலும் ஒதுக்கவும் இயலாது.

அமெரிக்க அனுபவம்

இதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தன் கார்களின் விலையைப் பெருமளவு குறைத்தது. 65,990 டாலருக்கு விற்ற மாடல் ஒய் வகைக் கார் ஒன்று 52,990 டாலராயிற்று. 2022இல் 13.1 லட்சமாக இருந்த விற்பனை 2023இல் 18.1 லட்சமாக உயர்ந்தது. இது நூற்றுக்கு 38 பங்கு வளர்ச்சி. ஆனால் அந்நிறுவனத்தின் மொத்த இலாப விகிதம் நூற்றுக்கு 25.6இலிருந்து 18.2ஆகத் தாழ்ந்தது. மொத்த இலாபத் தொகையும் ஏறத்தாழ 2,090 கோடி டாலரிலிருந்து 1,770 கோடி டாலராகக் குறைந்தது. 2024இல் விற்பனையும் சற்று இறங்கி 17.9 லட்சத்தில் நின்றது.

வேறொரு விளைவும் ஏற்பட்டது. முந்திய வாரம் வரை கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்த சீன நாட்டு வாடிக்கைக்காரர்கள் விற்பனை நிலையங்களின் முன் கூடி முறையிட்டனர். விலை திடீரென வீழும்போது பழைய காரின் மறுவிற்பனை மதிப்பும் வீழ்கிறது. இன்னும் குறையும் என்று எண்ணிப் புதியவர்களும் காத்திருக்கத் தொடங்குகின்றனர். தேவையைப் பெருக்கச் செய்த செயலே சில வேளை தேவையை ஒத்திப் போடவும் கூடும்.

பாட்டரி காட்டும் வழி

இச்சிக்கலுக்கு நிலையான தீர்வு ஆய்வுக்கூடத்தில் உள்ளது. மின்சாரக் காரில் தனியொரு பாகமாக மிகுந்த விலை பெறுவது பாட்டரியே. உலகச் சந்தையில் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கவல்ல லிதியம் பாட்டரித் தொகுதியின் சராசரி விலை 2010ஆம் ஆண்டில் 1,000 டாலருக்கு மேல் இருந்தது. புளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் கணக்குப்படி அது 2023இல் 139 டாலராகவும் 2024இல் 115 டாலராகவும் இறங்கிற்று. அந்த ஓராண்டு இறக்கம் மட்டுமே, 30 யூனிட் பாட்டரி கொண்ட சிறு காருக்கு, ஏறத்தாழ 60,000 ரூபாய் மிச்சத்துக்குச் சமம். மேற்கண்ட உதாரணத்தில் உற்பத்தியாளர் 50,000 ரூபாய் குறைத்தாலும் இப்போது இலாபம் குறையாது; ஒரு காரைக்கூட அதிகமாக விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

நம் நாட்டில் டாடா நிறுவனம் 2024 பிப்ரவரியில் நெக்ஸான் மின்சாரக் காரின் விலையை 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தபோது, மின்கலங்களின் விலை இறங்கியதையே காரணமாகக் கூறியது. அவ்வாண்டு செப்டம்பரில் அறிவித்த பண்டிகைக் காலச் சலுகைக்கோ அக்டோபர் இறுதி என்று நாள் வரையறுத்தது. முன்னது அடக்க விலையைத் தழுவி நின்ற குறைப்பு. பின்னது பருவத்துக்கான தூண்டுதல். இவ்வேறுபாட்டை உற்பத்தியாளர் மறத்தலாகாது.

பாட்டரியின் விலை இறங்கியதற்கு ஒரு முக்கிய காரணம் லிதியம் இரும்புப் பாஸ்பேட் என்னும் பொருள். இது பாட்டரியின் நேர்மின்வாயில் பயன்படுகிறது. அருமையான கோபால்ட்டும் நிக்கலும் இதில் இல்லை. எளிதிற் கிடைக்கும் இரும்பும் பாஸ்பேட்டுமே உள்ளன. இதன் வரலாற்றில் இந்தியர் பங்கு சிறப்பானது. தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், சல்பேட் போன்ற தொகுதிகள் அமைந்த இரும்புச் சேர்மங்கள் உயர்ந்த மின்னழுத்தம் தருவதை 1980களில் ஜான் குடினஃபுடன் சேர்ந்து கண்டறிந்தார். 1997இல் டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகியோரும் குடினஃபும் இரும்புப் பாஸ்பேட்டின் பயனை வெளியிட்டனர். குடினஃப் 2019ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் மந்திரமே.

இப்பொருளுக்கு ஒரு குறை உண்டு: மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதன் நுண்துகள்கள்மீது மெல்லிய கரிப்பூச்சு ஏற்றினால் இக்குறை நீங்கும். ஹைதராபாதின் பாலாபூரில், மத்திய அரசாங்கத்தின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையைச் சார்ந்து இயங்கும் துகள் உலோகவியல், புதுப்பொருள்கள் ஆராய்ச்சி மையம் இதற்கான முறையை வகுத்து, அந்நகரின் ஆல்ட்மின் நிறுவனத்துக்கு அளித்துள்ளது. உலகில் இப்பொருளின் பெரும்பகுதி சீனாவிலேயே செய்யப்படுவதால் இம்முயற்சியின் அருமை விளங்கும். தெலுங்கானாவின் மகபூப்நகரை அடுத்த திவிட்டிப்பள்ளியில் அமர ராஜா நிறுவனத்தின் மின்கலத் தொழிற்சாலைக்கு 2023 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கெனப் பத்தாண்டுகளில் 9,500 கோடி ரூபாய் முதலிடத் திட்டமிடப்பட்டது.

பாட்டரியைத் தானே செய்பவர்க்கு விலைப் போட்டியில் எத்தகைய வலிமை உண்டு என்பதற்குச் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் சான்று. 1995இல் பாட்டரி செய்யத் தொடங்கிய அது 2003இல்தான் கார்த்தொழிலில் இறங்கியது. ஒலெக்ட்ரா பஸ்களுக்குத் தொழில்நுட்பம் தந்ததும் அதுவே.

பாட்டரி வாடகைக்கு

விலையைக் குறைக்காமலே வாங்குவோரின் சுமையைக் குறைக்கும் முறையும் உண்டு. 2024 செப்டம்பரில் எம்.ஜி. நிறுவனம் வின்சர் என்னும் காரைப் பாட்டரி நீங்கலாக 9.99 லட்சம் ரூபாய்க்கும், பாட்டரியைக் கிலோமீட்டருக்கு 3½ ரூபாய் வாடகைக்கும் அளித்தது. முழு விலை 13½ லட்சம். வித்தியாசமான 3½ லட்சத்தை 3½ ரூபாயால் வகுத்தால், வாடகை முழு விலையை எட்ட ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று அறிகிறோம். அவ்வாண்டின் இறுதி மாதங்களில் இந்தியாவில் மிகுதியாக விற்ற மின்சாரக் கார் இதுவே. குறைவாக ஓட்டுவோர்க்கு இம்முறை ஏற்றது. மிகுதியாக ஓட்டுவோர் முழு விலை கொடுத்து வாங்குவதே சிக்கனம்.

வரிச் சலுகையும் அதன் எல்லையும்

தெலுங்கானா அரசு 2024 நவம்பர் 18 முதல் மின்சார வண்டிகளுக்குச் சாலை வரியையும் பதிவுக் கட்டணத்தையும் முற்றிலும் விலக்கியது. இவ்விலக்கு 2026 டிசம்பர் 31 வரை என அறிவிக்கப்பட்டது. இது உற்பத்தியாளரின் இலாபத்தைத் தொடாத விலைக் குறைப்பு. ஆனால் நாள் குறித்து வந்த சலுகை நாள் குறித்தே போகக்கூடும். சரக்கு, சேவை வரி நிலையும் மாறியுள்ளது. மின்சாரக் காருக்கு அது 2019 ஆகஸ்டில் நூற்றுக்கு 12இலிருந்து 5ஆகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறு பெட்ரோல் கார்களின் வரியும் 28இலிருந்து 18ஆக இறங்கி, மேல்வரியும் நீங்கிற்று. மின்சாரக் காருக்கு இருந்த சாதக இடைவெளி அதனால் சுருங்கிவிட்டது.

ஆகவே சலுகையை மட்டும் நம்பி விலை குறிக்கும் நிறுவனம் மணல்மீது வீடு கட்டுவதற்கு ஒப்பாகும். அடக்க விலை எவ்வளவு இறங்கிற்றோ அதில் ஒரு பங்கை வாங்குவோர்க்கு அளித்து, ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, திடீர் மாற்றங்களைத் தவிர்த்துப் படிப்படியாக விலையைத் தாழ்த்துவதே நெடுங்காலம் நிற்கும் வழி. பாலாபூர் ஆய்வுக்கூடத்தில் கரிப்பூச்சு ஏறும் ஒரு பிடி கறுப்புத் தூள், நாளை ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கும் காரின் விலையில் சில ஆயிரம் ரூபாயைக் குறைக்கக்கூடும். அக்குறைப்பை எந்தக் கெடுநாளும் திரும்பப் பெறாது.