சன்னல் இல்லாத கூடமும் கண்ணாடிச் சுவர் ஜிம்மும்

பெங்களூரு கே.வி. ஐயர் தன் உடம்பை ஊரே பார்க்க வேண்டும் என்று விரும்பியவர். அதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. 1897-ல் பிறந்தவர்; 1922-ல் திப்பு சுல்தான் அரண்மனையில் உடற்பயிற்சிக் கூடம் தொடங்கியவர்; 1930-ல் 'மஸில் கல்ட்' என்று ஆங்கிலத்திலேயே நூல் எழுதியவர். அவருடைய நூல்களிலும் வெளிநாட்டு உடற்பயிற்சி இதழ்களிலும் வந்த படங்களில், இடுப்பில் துண்டுத் துணியோடு கிரேக்கச் சிலைபோல் நிற்பார். ஐயர் வீட்டுப் பிள்ளை இப்படிப் புஜம் காட்டி நிற்பதைப் பார்த்து அந்நாளைய அக்ரகாரங்கள் என்ன முணுமுணுத்தனவோ! அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அந்தப் படங்கள்தான் அவருக்கு விளம்பரம். அஞ்சல் வழியாகவும் பயிற்சி நடத்தினார். தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் ஆகியவற்றோடு சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்துத் தன் முறையை வகுத்தார்; அதற்காக 1937-ல் தனி நூலே எழுதினார்.

இந்தப் பகட்டு மேற்கிலிருந்து வந்தது. யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1904-05-ல் இந்தியா வந்து ஊர் ஊராகக் காட்சி நடத்திவிட்டுப் போனார். அதன்பின் எத்தனையோ இளைஞர்களுக்கு அவர்தான் லட்சிய உருவம். நம் படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் நின்ற 'சாண்டோ'வும் அவரிடமிருந்து வந்ததுதான். ஐயர் அந்த வழியில் வந்தவர். ஆனால் வெறும் தசைப் பிரியர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. கன்னடத்தில் 'சாந்தலா', 'ரூபதர்சி' ஆகிய நாவல்களை எழுதியவர். நாடகாசிரியர் டி.பி. கைலாசத்தின் நெருங்கிய நண்பர். பக்கவாதத்தால் தளர்ந்த மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் உடல்நலம் தேற உதவியவர். 1940-ல் ஜே.சி. ரோட்டில் அவருடைய வியாயாமசாலை எழுந்ததில் அரண்மனையின் நன்றியும் கலந்திருக்கிறது.

ஐயர் தன்னைப் படமெடுக்கத் தானே ஆள் வைத்தார். எந்த நிலையில் நிற்பது, எந்தப் படம் அச்சுக்குப் போவது, யார் கைக்குப் போய்ச் சேர்வது எல்லாம் அவர் முடிவு. பார்வை என்று ஒன்று இருந்தால், அதன் கயிறு பார்க்கப்படுகிறவர் கையில் இருந்தது.

அதே நகரத்தின் பேட்டைப் பகுதியில் இதற்கு நேர் எதிரான இன்னோர் உலகம் அப்போது இருந்தது. கொஞ்சம் இன்றும் இருக்கிறது. கன்னடத்தில் 'கரடி மனை' என்று அழைக்கப்படும் மல்யுத்தக் கூடங்கள். குனிந்து நுழைய வேண்டிய தாழ்ந்த வாசல். சன்னல் பெயருக்குக்கூட இருக்காது, இருந்தாலும் சிறு சதுரம்தான். உள்ளே செம்மண் குழி, சுவரோரம் கர்லாக்கட்டைகள், ஒரு மூலையில் அனுமார். தெருவில் போகிறவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில் கரக விழாவில், உருவிய கத்தியோடு கரகத்துக்குக் காவலாக ஓடும் வீரகுமாரர்கள் இத்தகைய கூடங்களில் பழகியவர்கள். சித்திரை நிலவில் அவர்களின் திறந்த மார்பை நகரமே பார்க்கும். பழகிய நாள்களில் பார்த்தவர் கூடத்தின் ஆசானான வஸ்தாது ஒருவர்தான்.

அங்கே நடத்தை விதி எதையும் எழுதி ஒட்டியதில்லை. செருப்பு வாசலோடு நின்றுவிடும். மண்ணைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே குழியில் இறங்க வேண்டும். கட்டையில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். புதிதாக வந்த பையனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் வஸ்தாதின் கை பேசும். அவர் பார்வையில் கடுமை இருந்தது, பொறுப்பும் இருந்தது. பையன் முதுகு பிடித்துக்கொண்டால் நீவிவிடுவதும் அவர் வேலை. வீட்டில் போய்ப் பதில் சொல்வதும் அவர் வேலை.

இதைச் சொல்லும்போது ஏக்கம் தொற்றிக்கொள்ளும், கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கூடத்துக்குள் பெண்ணுக்கு இடமே கிடையாது. சாதியும் பேட்டையும் பார்த்துத்தான் பல இடங்களில் வாசல் திறந்தது. வஸ்தாதின் பிரம்புக்கு மேல்முறையீடும் இல்லை. பார்க்கிறவர் பொறுப்பானவர் என்பது உண்மை. உள்ளே வர வாய்த்தவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பொறுப்பு.

நடுவில் ஒரு காலம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அல்சூர், ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர் பக்கம் முளைத்த பேட்டை ஜிம்கள். சிமெண்ட் தரை, துருப்பிடித்த தட்டுகள், சுவரில் ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் அர்னால்ட். வஸ்தாது இப்போது 'மாஸ்டர்' ஆகிவிட்டார். பெண்களுக்கென்று சில இடங்களில் பகல் நேர 'லேடீஸ் பேட்ச்' வந்தது. மற்றப் பெண்கள் லால்பாகிலும் கப்பன் பூங்காவிலும், சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூவும் மேலே ஸ்வெட்டருமாக நடந்தார்கள். பார்வைக்குப் பெண்கள் கண்ட விடை அந்த உடைதான்.

இன்றைய ஜிம்முக்கு வருவோம். இந்திராநகர் நூறடிச் சாலையிலும் கோரமங்களாவிலும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் மாடிதோறும் கண்ணாடிச் சுவர். டிரெட்மில்களைத் தெருவைப் பார்க்க வரிசையாக வைத்திருப்பார்கள். ஓடுகிறவர்தான் விளம்பரப் பலகை. அதற்காக அவருக்குக் கட்டணம் குறையாது. 2016-ல் இந்த ஊரில்தான் கல்ட் ஃபிட் ஜிம்களின் தாய் நிறுவனம் தொடங்கியது. 2022-ல் கோல்ட்ஸ் ஜிம்மின் இந்திய உரிமத்தையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. செயலியில் வகுப்பைப் பதிவு செய்து, யாரோடும் பேசாமல் வந்து, யாரோடும் பேசாமல் போகலாம். காதில் ஒலிப்பான். பேச்சு நேர்ந்தால் அது ஒரே வாக்கியம்: "இன்னும் எத்தனை செட் பாஸ்?" கன்னடத்தில் 'குரு', நம்மிடமிருந்து போன 'மச்சா', இந்தியில் 'பையா' என்று விளி மட்டும் மாறும்.

மரியாதைக் குறைவு என்றால் இங்கே பெரும்பாலும் சில்லறை விஷயங்கள்தான். வியர்வையைத் துடைக்காமல் எழுந்துபோவது. இருபது கிலோ தட்டுகளைக் கம்பியிலேயே விட்டுவிட்டுப் போவது. பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைத் தடவுவது. கேட்காமலே வந்து "முட்டியை இப்படி வையுங்க மேடம்" என்று வகுப்பெடுப்பது. கடைசியாகச் சொன்னதைச் சில்லறையில் சேர்த்தது தவறு என்று பெண் வாசகர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. பக்கத்தில் இரட்டை எடையைக் கோணலாகத் தூக்கித் திணறும் ஆணுக்கு அந்த உபதேசம் கிடைப்பதை நான் பார்த்ததில்லை.

பார்க்கப்படும் உணர்வுக்கு உளவியலில் ஆறுதல் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் மாணவர்களுக்குச் சங்கடமான படம் போட்ட பனியனை மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். 2000-ல் வந்த ஆய்வு அது. அதற்கு முன்பே, 1969-ல், ராபர்ட் சயன்ஸ் குழுவினர் கரப்பான்பூச்சிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். மற்றக் கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நேர்ப் பாதையில் அவை வேகமாக ஓடின. சிக்கலான பாதையில் தடுமாறின. கைவந்த வேலையைப் பார்வை முடுக்கிவிடும், கைவராத வேலையைக் குலைத்துவிடும். பழகியவர் கண்ணாடி முன்னால் இன்னும் ஐந்து கிலோ கூட்டித் தூக்குவதும், முதல் வாரம் வந்தவர் மூலையில் இருக்கும் சைக்கிளைத் தேடிப் போவதும் இதனால்தான். வஸ்தாது புதுப் பையனைப் பார்த்துச் சிரிக்கவிடாததில் எவ்வளவு சூட்சுமம் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

ஆனால் "யாரும் உன்னைப் பார்க்கவில்லை, நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்ற ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. 2020 செப்டம்பர் 4 அன்று எச்.எஸ்.ஆர். லேஅவுட்டை ஒட்டிய அகரா ஏரிப் பூங்காவில், 'கோமாளி' படத்தில் நாம் பார்த்த நடிகை சம்யுக்தா ஹெக்டே தோழிகளோடு வளையம் சுற்றிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அணிந்திருந்தது விளையாட்டு உடை. பொது இடத்தில் இப்படியா என்று ஓர் அரசியல் பிரமுகர் சண்டைக்கு வந்தார். வந்தவர் பெண்! ஆண்கள் சிலர் கூடி நின்றார்கள், வாயிற்கதவு பூட்டப்பட்டது. வீடியோ பரவிய பிறகு வழக்குப் பதிவானது. வசைபாடியவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், நடிகை ஏற்றுக்கொண்டார். சற்றுத் தள்ளி மாடி ஜிம்மில் அதே உடை கட்டாயச் சீருடைபோல் இருக்கும். பூங்காவில் அது குற்றமாகிவிட்டது. அன்று அந்தப் பெண்களைக் காப்பாற்றியது அவர்கள் கையில் இருந்த கைபேசிக் கேமரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐயரைப்போல, கயிறு அவர்கள் கையில் இருந்தது.

அந்தக் கயிறு கைமாறும்போதுதான் தொல்லை. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. சில நாள்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஜிம்மில் முக்காலி வைத்துத் தன்னைத் தானே படமெடுப்பது அதன்பின் சாதாரணமாகிவிட்டது. எடுப்பவர் ஐயரின் வாரிசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும் பெண் யாருடைய வாரிசும் இல்லை. அவரைக் கேட்காமலே அவர் படத்தில் இருக்கிறார். 2025-ல் பெங்களூரு மெட்ரோவில் பெண்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்களைத் தொகுத்துப் போட்ட இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்று பிடிபட்டது. அதே ஆண்டு ஜூலையில், சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்துபோகும் பெண்களைப் படமெடுத்துப் போட்ட இளைஞர் கைதானார். பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண் வெளிப்படையாக எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நடந்துபோவதற்கே இந்தக் கதி என்றால், உடம்போடு ஒட்டிய உடையில் மூச்சு வாங்க நிற்பவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? கார்னெல் பனியனைக் கண்டவர்கள் கண்டதோடு சரி, மறந்துவிட்டார்கள். கேமரா மறப்பதில்லை.

சட்டம் இந்த இடத்தில் அரைகுறையாக நிற்கிறது. 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாக இருக்கும் விதி, ஒரு பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் தண்டிக்கிறது. உடை மாற்றும் அறைக்கும் குளியலறைக்கும் அது பொருந்தும். முழு உடையோடு டிரெட்மில்லில் ஓடுகிறவரை எடுத்தால் அந்தப் பிரிவு எட்டாது. பின்தொடர்தல் பிரிவையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் போலீஸ் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே கூடத்தின் விதி என்ன என்பதே முக்கியமாகிறது. சன்னல் இல்லாத கூடத்தில் அதை வஸ்தாது பார்த்துக்கொண்டார். கண்ணாடிக் கூடத்தில் வரவேற்பு மேசையில் இருக்கும் பையனுக்கு உறுப்பினர் எண்ணிக்கைதான் கவலை.

பார்வையே வேண்டாம் என்பதல்ல வாதம். 2021 அக்டோபர் 29 அன்று, காலையில் உடற்பயிற்சி செய்த கன்னட நடிகர் புனித் ராஜ்குமாருக்கு நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டு, மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 46. ஊரே உறைந்தது. அடுத்த நாள்களில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. ஜிம்களுக்கு வழிகாட்டு நெறி வேண்டும் என்ற பேச்சு அரசுத் தரப்பிலும் எழுந்தது. பயிற்சி செய்கிறவர் முகம் வெளிறுகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று கவனிக்க ஒரு கண் வேண்டும் என்பதை ஜிம்கள் அப்போது உணர்ந்தன. அந்தக் கண்ணுக்கு யாரும் கூச்சப்படுவதில்லை. கூச்சம் தருவது, பார்த்துவிட்டு எதற்கும் பதில் சொல்ல வேண்டியிராத கண்.

ஆயுத பூஜையன்று பெங்களூரின் பேட்டை ஜிம்களில் இன்றும் டம்பெல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். இரும்புக்கு மரியாதை மிச்சமிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கும் அதில் பாதி கிடைத்தால் போதும். பயிற்சித் தளத்தில் கேமரா கூடாது என்று ஒரு பலகை. படமெடுக்க ஆசைப்படுவோருக்கு, பின்னால் வெறும் சுவர் மட்டும் இருக்கும் ஒரு மூலை. மீறுகிறவரை வெளியே அனுப்பும் துணிச்சல் உள்ள ஒரு மாஸ்டர். இதற்கு உரிமையாளர்களுக்குப் பெரிய செலவில்லை. ஜிம்மில் சேரப் போகிறவர்கள் கட்டணச் சலுகையைக் கேட்கும் அதே மூச்சில் கைபேசி விதி என்ன என்றும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்.