வெறும் காய்ச்சல்தானா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பழைய கிடங்குகள். உள்ளே அரிசி, மிளகு, சுக்கு, மஞ்சள் என்று மூட்டை மூட்டையாக அடுக்கி இருக்கும். மூட்டை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும்.

எங்கள் எழுத்தறிவு வகுப்புக்கு மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் வருவார். ஒரு மழைக்காலம். நாலு நாளாக அவரைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். பாயில் சுருண்டு படுத்திருந்தார்.

“என்ன அண்ணே, என்ன ஆச்சு?”

“காய்ச்சல் தம்பி. மாத்திரை போட்டா விடுது, மறுபடி வருது. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. கெண்டைக்கால்ல கை வைக்க முடியல.”

அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன. பீளை இல்லை, நீர் வடியவில்லை. சும்மாவே சிவப்பு.

“நேத்திலேருந்து மூத்திரமும் சரியாப் போகல தம்பி” என்றார் அண்ணி.

ஏற்கெனவே ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். இவர் “காய்ச்சல்” என்று சொன்னார். அவர் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார். அவரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவரும் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “என்ன வேலை செய்கிறீர்கள்?”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காய்ச்சலுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணன் சொன்னார். பத்து நாளைக்கு முன் பெரிய மழை. வேலியேற்றமும் சேர்ந்துகொண்டது. கிடங்குக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூட்டைகளைக் காப்பாற்ற வெறுங்காலோடு அரை நாள் தண்ணீரில் நின்றார். குதிகாலில் பித்தவெடிப்பு வேறு.

டாக்டரம்மாவுக்கு அது போதும். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். அது எலிக்காய்ச்சல். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து அண்ணன் பிழைத்து வந்தார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்று சொன்னார்கள்.

எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது? எலி கடித்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எலியின் மூத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இருக்கிறது. நாய், மாடு, பன்றியின் மூத்திரத்திலும் இருக்கலாம். மழைத் தண்ணீரிலும் சேற்றிலும் அது கலக்கிறது. நம் காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அதன் வழியே உடம்புக்குள் போகிறது. தண்ணீரிலேயே நின்று ஊறிப்போன தோல் வழியாகவும் போகும். கண், வாய் வழியாகவும் போகும்.

உள்ளே போன அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்து வரும். அதற்குள் நாம் தண்ணீரில் நின்றதையே மறந்துவிடுவோம். இதில்தான் ஆபத்து.

ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் இந்தக் கிருமி அடங்கும். விட்டுவிட்டால் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரலைத் தாக்கும். கண் மஞ்சளாகும். மூச்சு முட்டும். உயிரே போகலாம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பல இடங்களில் பரவியது. வீடு கழுவப் போனவர்களுக்கும், உதவி செய்யப் போனவர்களுக்கும்கூட வந்தது. அப்போது டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையை, நோய் வராமல் தடுக்க, அரசு கொடுத்தது. சாக்கடை, கால்வாய், கிடங்கு வேலை செய்கிறவர்கள் மழைக்காலத்தில் சுகாதார நிலையத்தில் போய் இதைக் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது. அதனால் நாமாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

சரி, டாக்டரம்மா ஏன் வேலையைக் கேட்டார்? காய்ச்சல் என்பது நோயின் பெயர் அல்ல. வீட்டுக்குள் புகை வருகிற மாதிரி. எங்கே எரிகிறது என்று தேட வேண்டும். நூறு நோய்க்குக் காய்ச்சல் வரும். ஊசி போட்டும், இரத்தம் எடுத்தும் மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே சோதிக்க முடியும்? அதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

இதற்குக் கேரளத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

2018 மே மாதம். கோழிக்கோடு மாவட்டத்தில் பேராம்பிரா என்ற ஊர். அதன் பக்கத்து கிராமத்தில் ஓர் இளைஞர் காய்ச்சலில் இறந்துபோனார். என்ன நோய் என்று தெரியவில்லை. அவர் கூடப்பிறந்த அண்ணனுக்கும் காய்ச்சல் கண்டது. மே 17ஆம் தேதி அவரைக் கோழிக்கோடு பேபி மெமோரியல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நினைவு தடுமாறுகிறது. இதயம் படபடவென்று அடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கிறது.

அங்கே இருந்தவர் டாக்டர் அனூப் குமார். அவரும் மற்ற டாக்டர்களும் வீட்டாரை விசாரித்தார்கள். தம்பி இரண்டு வாரத்துக்குள்தான் இதே மாதிரி இறந்தார் என்று தெரிந்தது. வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குக் காய்ச்சல். டாக்டர்கள் யோசித்தார்கள். மூளைக்காய்ச்சல் ஒருவருக்கு வரலாம். ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வருமா? இது வழக்கமான நோய் அல்ல என்று முடிவு செய்தார்கள். கர்நாடகத்தில் மணிப்பால் என்ற ஊரில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகளை அனுப்பினார்கள். பிறகு புனேயில் உள்ள தேசிய ஆய்வுக்கூடமும் சோதித்தது. மே 20ஆம் தேதி உறுதியானது. நோயின் பெயர் நிபா. அதற்கு முன் கேரளத்தில் அதை யாரும் கண்டதில்லை.

அண்ணன் பிழைக்கவில்லை. முதல் நோயாளியைப் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் கவனித்த நர்ஸ் லினி மே 21ஆம் தேதி இறந்தார். நோய் இன்னதென்று தெரியாமலே அவர் பணி செய்திருந்தார். அரசுக் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். நோய் உறுதியானவர்களில் இரண்டே பேர்தான் பிழைத்தார்கள். பலருக்கு நோய் தொற்றியதே ஆஸ்பத்திரிகளில்தான். ஆனாலும் இரண்டாவது நோயாளியிலேயே கண்டுபிடித்ததால் முகக்கவசம், தனி அறை, தொடர்பில் இருந்தவர்களைக் கண்காணிப்பது எல்லாம் சீக்கிரமே தொடங்கின. இல்லாவிட்டால் எத்தனை பேர் போயிருப்பார்களோ!

நிபா என்பது மலேசியாவில் ஒரு கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. சுங்கை நிப்பா. அங்கே 1998, 1999ஆம் ஆண்டுகளில் பலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் கொசுவால் வருவது என்று நினைத்து, மருந்து அடித்தார்கள். நோய் நிற்கவில்லை. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இங்கே படுத்தவர்களோ பெரியவர்கள். அதிலும் பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்கள். பிறகுதான் இது வேறு நோய் என்று தெரிந்தது. பழம் தின்னும் வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்திருந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பாருங்கள், அங்கேயும் ‘என்ன வேலை’ என்ற கேள்விதான் வழி காட்டியது.

2019இல் நிபா நம் எர்ணாகுளம் மாவட்டத்துக்கே வந்தது. ஒரு மாணவருக்கு வந்தது. ஜூன் 4ஆம் தேதி உறுதி செய்தார்கள். அவரோடு பழகிய 300 பேருக்கு மேல் கண்காணித்தார்கள். ஒருவருக்கும் பரவவில்லை. மாணவரும் பிழைத்துவிட்டார். முந்தின ஆண்டு பட்ட அடி கற்றுக்கொடுத்த பாடம் அது.

வௌவால் என்றதும் சிலர் கல்லெடுத்து விரட்டப் போகிறார்கள். அது வேண்டாம். விரட்டினால் கலைந்து வேறு இடங்களுக்குப் போகும். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமல் இருந்தால் போதும். கீழே கிடக்கும் பழத்தைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்னலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். யானைக்கால் நோயை முன்பு ‘கொச்சிக் கால்’ என்றே வெளியூர்க்காரர்கள் சொன்னார்கள். அதைச் சோதிக்க இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். “ராத்திரியில தூக்கத்தைக் கெடுக்கிறாங்களே” என்று நாம் சலித்துக்கொள்வோம். ஆனால் அந்த நோயின் குட்டிப் புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மேலோட்டமாக வருகின்றன. பகலில் எடுத்தால் தெரியாமல் போய்விடும். நேரத்தில்கூடத் துப்பு இருக்கிறது.

அண்ணன் குணமாகி வந்த பிறகு வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். டாக்டரைப் பார்த்ததும் பாதி மறந்துபோகிறது என்றார்கள் பெண்கள். கூட்டம் வேறு. பின்னால் நிற்கிறவர் முதுகில் இடிப்பார். அப்புறம் எங்கே பேசுவது? வண்ணார் தெருவிலிருந்து வரும் அக்கா ஒருவர் சொன்னார்: “எழுதப் படிக்கத்தான் கத்துக்கிட்டோமே. ஒரு சீட்டுல எழுதிக் கொண்டுபோனா என்ன?”

அன்றைய பாடம் அதுவே ஆனது. காய்ச்சல் என்று வந்தது, என்ன வேலை, தண்ணீரிலோ சேற்றிலோ நின்றோமா, வெளியூர் போனோமா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, ஆடு மாடு வௌவாலோடு ஏதும் தொடர்பா, இதுவரை என்ன மாத்திரை தின்றோம். இவ்வளவையும் எழுதிப் பழகினோம். நினைவு தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, மூத்திரம் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ சீட்டு எழுதிக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கேரளத்தில் 1056 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனையும் கேட்கலாம்.

அண்ணன் எழுதிய சீட்டை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அதில் இருப்பது இது:

“வேலை: மூட்டை தூக்குவது. இடம்: கிடங்கு. எலி உண்டு. மழைத் தண்ணியில நின்னேன். காலில் வெடிப்பு. ஒரு தடவை எலிக்காய்ச்சல் வந்திருக்கு.”