ஒரு பழைய மடிக்கணினி, இரண்டு இயங்குதளங்கள்

கண்டியில் படிக்கும் தம்பி ஒருவர் வன்னியிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினி அது. 2 ஜிபி ராம்தான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11 இதில் ஏறாது. தூக்கி எறியவும் மனமில்லை. காணி உறுதி, காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனுக்காக அம்மா கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் எல்லாம் அதற்குள்ளேதான்.

ஆகவே முதல் வேலை, அவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதியெடுப்பது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம். பற்றரி செத்திருந்ததால் மழை விடும்வரை காத்திருந்தோம். பாதியில் மின்சாரம் போனால் வட்டு கெடும்.

வட்டை நான்காகப் பிரித்தோம்: அன்றாட வேலைக்கு லுபுண்டு, அது இழுபட்டால் 512 எம்பி ராமிலும் ஓடக்கூடிய அன்டிஎக்ஸ், இரண்டுக்கும் பொதுவாக ஸ்வாப், ஆவணங்களுக்குத் தனிப் பகுதி. ஹோம் கோப்புறையையும் பொதுவாக்க ஆசை வரும். வேண்டாம், ஒன்றின் அமைப்புகளை மற்றது குழப்பும். ஸ்வாப் பொதுவென்பதால் ஹைபர்னேட்டும் கூடாது.

இரண்டாவதை நிறுவும்போது 'முழு வட்டையும் அழி' என்பதைத் தொடாமல் பகுதியை நீங்களே தெரிவுசெய்யுங்கள். தொடக்கப் பட்டியலில் முதலாவது தெரியாவிட்டால் பதறவேண்டாம், அது அழியவில்லை. 2021இல் வந்த குரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும். அதை இயக்கி அப்டேட்-குரப் கட்டளை கொடுத்தால் சரி.

தமிழ் விசைப்பலகையை இரண்டிலும் தனித்தனியே சேர்க்க வேண்டும். அம்மாவின் அடுத்த கடிதத்தைத் தம்பி இதில்தான் தட்டப்போகிறார்.